தட்டி விட்டேன் என்றால் அடித்தேனா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலையூர் ரிங்லெட்டில், பாய் கடையில் ஒரு தகராறு.

பெரிதாக ஒன்றுமில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் நின்ற மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டது. 'நீ ஏன் அங்க நிறுத்தின?' என்கிறார் லோரிக்காரர். 'நீ ஏன் கண்ணாடிய பாக்கல?' என்கிறார் மற்றவர். இரண்டு பேரும் சண்டையை அப்படியே கடைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பாய் மூலை மேஜையைக் கைகாட்டினார்.

"எதுக்குப்பா சத்தம்? ஜட்ஜய்யா அங்கதான் உக்காந்திருக்காரு. அவருகிட்ட சொல்லுங்க லா."

மூலை மேஜையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் நடேசன். செஷன்ஸ் கோர்ட் நீதிபதியாக இருந்து இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நான்.

இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் இப்போ பென்ஷன்காரன்பா. தீர்ப்பு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆளுக்கு ஒரு தே வேணும்னா வாங்கித் தரேன்."

அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் டீயைக் குடித்தார்கள்.

இதை இங்கே சொல்லக் காரணம், கம்போங் ராஜாவிலிருந்து இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் எனக்கு எழுதியிருந்த கடிதம். 'மாஜிஸ்திரேட்டும் தமிழர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரும் தமிழர். நடுவில் ஒருவர் நின்று தமிழை மலாயில் சொல்கிறார். எதற்கு இந்த நாடகம்? நீங்கள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தானே, சொல்லுங்களேன்' என்று கேட்டிருந்தார்.

சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் நடேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும் — அதுதான் சங்கடம்.

நடேசன் இந்த மலையில் பிறந்தவர். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பிரிவில் வேலை. நான் ஈப்போ டவுனில் வளர்ந்தவன். என் அப்பா ஆபீஸ் கிளார்க். மலைக்குக் கீழே ஒரு கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, எனக்குக் கீழே ஜூனியராக வந்து சேர்ந்தார் நடேசன். ஆறு வருஷம் ஒரே மேஜை. அவர் என்னை 'அண்ணே' என்பார், நான் அவரைத் 'தம்பி' என்பேன்.

பகலெல்லாம் சாட்சிகளோடு கத்துவோம். சாயங்காலம் நான் பேட்மின்டன் ஆடப் போவேன். அவர் சட்டப் புத்தகத்தைப் பிரிப்பார். "தம்பி, பெரிய ஆளாகப் போறீங்க போல?" என்று கிண்டல் செய்வேன். சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு லண்டனுக்குப் போனார். பாஸ் செய்துவிட்டுத் திரும்பினார். கொஞ்ச நாளில் மாஜிஸ்திரேட் ஆனார்.

நான்? அதே மேஜை. என் மனைவிக்கு இங்கே எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்ததால், மாற்றல் கேட்டு மலைக்கு வந்தேன். அதுதான் நான் கண்ட ஒரே முன்னேற்றம் — சில ஆயிரம் அடி உயரம்!

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், எங்கள் சின்ன கோர்ட்டுக்குப் புது மாஜிஸ்திரேட் வருகிறார் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் கீழேயிருந்து வந்து வழக்குகளைக் கேட்பவர். கதவு திறந்தது. எல்லோரும் எழுந்தோம். உள்ளே வந்தவர் நடேசன்.

நான் தலை குனிந்து வணங்கினேன். அவரும் கோர்ட்டைப் பார்த்து வணங்கினார். என்னைத் தெரிந்ததாக முகத்தில் ஓர் அடையாளமும் இல்லை.

பொறாமையாக இருந்ததா? இருந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மதியம் அவர் அறைக்குக் கூப்பிட்டார். "அண்ணே, இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நீங்க எனக்கு அண்ணன். அந்தப் பக்கம் மிஸ்டர் இன்டர்பிரட்டர். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன்.

நான் மட்டும் இல்லை. கோர்ட்டில் அவர் ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டார். எஸ்டேட் ஆட்கள் கூண்டில் நின்று "ஐயா, நீங்க நம்ம ஆளு..." என்று ஆரம்பித்தால் என்னைத்தான் பார்ப்பார். கோர்ட் மொழி அப்போது ஆங்கிலம்; நான் அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்! வெளியே போய்த் திட்டுவார்கள்: "லண்டன் போய்ட்டு வந்தோன்ன தமிழ் மறந்து போச்சு லா." அவருடைய அப்பா அப்போதும் எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், லயத்தில்தான் இருந்தார். அவர் காதுக்கும் இது போகும். "ஒரு வார்த்தை பேசினா கொறைஞ்சா போயிடுவ?" என்று மகனிடமே கேட்டிருக்கிறார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அப்போதுதான் அஞ்சலை வழக்கு வந்தது.

அஞ்சலை கொழுந்து பறிப்பவர். நாற்பது வயது இருக்கும். கங்காணியை அடித்துக் காயப்படுத்தியதாக வழக்கு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இரண்டு பேருக்கும் வாய்த் தகராறு. கங்காணி கீழே விழுந்து, தராசுக் கம்பத்தில் மோதி முன்பல் இரண்டு போய்விட்டது. குற்றம் நிரூபணமானால் வேலை கிடையாது என்று எஸ்டேட் ஆபீஸ் கிராணி முன்பே சொல்லிவிட்டார். வேலை போனால் லயத்து வீடும் போகும். புருஷன் நெஞ்சு நோய்க்காரர், படுத்த படுக்கை. இரண்டு பெண் பிள்ளைகள் என் மனைவியின் வகுப்பில் படித்தார்கள். வக்கீல் வைக்க வழியில்லை.

காலையில் கங்காணி கூண்டில் ஏறினார்.

"முத்தல் எலையா இருந்துச்சுங்க. கூடைய புடிச்சேன். தட்டி விட்டா. விழுந்தேன். பல்லு போச்சு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: 'நான் அவளுடைய கூடையைப் பிடித்தேன். அவள் என்னை அடித்தாள். நான் விழுந்தேன்.'

நடேசன் எழுதிக்கொண்டார்.

மதியம் அஞ்சலையின் முறை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாஜிஸ்திரேட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"கூடைய கொட்டப் பாத்தாரு சாமி. நான் தட்டி விட்டேன். வேற ஒன்னும் பண்ணல."

நான்: 'என் கூடையைக் கொட்டப் பார்த்தார். நான் அவரை அடித்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.'

வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு அவருக்கு என்ன வேலை? நான் அடுத்த கேள்விக்குக் காத்து நின்றேன். எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. இருபது வருஷ அனுபவம் அல்லவா...

நடேசனின் பேனா நகரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "மிஸ்டர் இன்டர்பிரட்டர், என்ன செய்தார் என்று கையால் காட்டச் சொல்லுங்கள்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அஞ்சலை விழித்தார். "யாரு மேல காட்டறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? கொழுந்துக் கூடைக்குப் பதிலாக, என் மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையை அஞ்சலை கையில் கொடுத்தார் கோர்ட் சேவகர்.

"கூடைய புடிங்க சாமி. இறுக்கிப் புடிங்க. அவரு இப்படித்தான் புடிச்சாரு."

பிடித்தேன். அஞ்சலை புறங்கையால் என் மணிக்கட்டை லேசாக ஒதுக்கினார். என் கை கூடையிலிருந்து நழுவியது. அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூட வலித்திருக்காது.

"இதான் சாமி. தட்டி விட்டேன்."

நடேசன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: 'சாட்சி, மொழிபெயர்ப்பாளரின் கையைத் தன் புறங்கையால் விலக்கிக் காட்டுகிறார்.' பிறகு கங்காணியைத் திரும்பக் கூப்பிட்டார். நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, நடந்தது இதுதானா என்று கேட்கச் சொன்னார்.

கங்காணி பாவம், உண்மையான மனுஷன். பல் போன வாயோடு சொன்னார்: "ஆமாங்க. அப்படித்தான் தட்டி விட்டா. கொஞ்சம் கோவமா தட்டி விட்டா. தரை ஈரம், வழுக்கிருச்சு."

"இதைக் காலையில் ஏன் சொல்லவில்லை?" — நான் மொழிபெயர்த்தேன்.

"சொன்னேனே? தட்டி விட்டான்னுதானே சொன்னேன்?"

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. வழக்கில் 'அடித்தாள்' என்று சொன்னது கங்காணி இல்லை. 'அடித்தேன்' என்று ஒப்புக்கொண்டது அஞ்சலையும் இல்லை. இரண்டையும் சொன்னது நான்.

அஞ்சலை விடுதலை. வெளியே போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேறு போனார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அறைக்குள் போனேன். நடேசன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார்.

"அண்ணே, தட்டி விட்டேன்னா என்ன?"

"ஈப்போவுல எங்க தெருவுல ரெண்டு தட்டு தட்டுனான்னா அடிச்சான்னுதான்..."

"எங்க லயத்துல, தோள்ல பூச்சி உக்காந்தா தட்டி விடுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்குத்தானே கோபம் அதிகம் வரும்? "காலையிலயே உங்களுக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க? அங்கேயே தமிழ்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும்ல?"

"காலையில சந்தேகம்தான், அந்தம்மாவும் அதே சொல்ல சொன்னப்பத்தான் உறுதியாச்சு. தமிழ்ல கேட்டிருப்பேன். அந்தம்மா சொன்னது இதுதான்னு நானே எழுதியிருப்பேன். அது தப்பா இருந்தா? கங்காணிய குறுக்கு விசாரணை பண்ணலாம். உங்களையும் திரும்பக் கேக்கலாம். என் காதை யாரு குறுக்கு விசாரணை பண்றது? இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கும் கண்ணால பார்க்கிற மாதிரி ஒரு வழி வேணும்."

கம்போங் ராஜா வாசகரே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எனக்கும் அன்றைக்குத்தான் கிடைத்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். ஆனால் நடேசன் பேனாவை எடுத்தார். 'மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தது, எனக்கும் அந்த மொழி தெரியும் என்பதால் கவனித்தேன்' என்று வழக்குக் குறிப்பில் எழுதப் போவதாகச் சொன்னார்.

"தம்பி," என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. "யாருக்கும் தெரியாது. அந்தம்மாதான் தப்பிச்சிட்டாங்களே. எழுதணுமா?"

அவர் வேறொன்று கேட்டார். "இந்தச் சொல்ல இதுக்கு முன்னாடி எத்தன தடவ இப்படி மாத்தியிருப்பீங்க?"

பழைய ஃபைல் அலமாரியின் சாவியை எடுத்து வந்தேன்.

அடுத்த சில வாரங்கள், வழக்கு முடிந்த சாயங்காலங்களில் பழைய ஃபைல்களைப் பிரித்தோம். அவருக்கு முன்னால் இருந்த மாஜிஸ்திரேட் கேட்ட வழக்குகள். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். கூண்டில் என்ன தமிழ் ஒலித்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? நடேசன் ஒரு வழி சொன்னார்.

"குத்தத்த ஒத்துக்காத ஆளு, கூண்டுல ஏறினதும் முதல் வார்த்தையா 'அடிச்சேன்'னு சொல்வானா? அப்படி இருக்கிற ஃபைல எடுங்க."

நான்கு ஃபைல் கிடைத்தது. மூன்றில் பார்த்த சாட்சிகள் இருந்தார்கள், தடி இருந்தது, டாக்டர் ரிப்போர்ட் இருந்தது. நான் தப்பாகச் சொல்லியிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. நான்காவதில் எதுவும் இல்லை — 'நான் அவரை அடித்தேன்' என்ற ஒரு வரியைத் தவிர.

பெயர் காளியப்பன். எஸ்டேட் லோரி டிரைவரோடு தகராறு. சம்பவத்தன்று அவர் மலாயில் கொடுத்த போலீஸ் வாக்குமூலம் ஃபைலிலேயே இருந்தது. அதில் 'தோலாக்' என்று இருந்தது. கையைத் தள்ளினேன் என்று அர்த்தம். கோர்ட்டில் யாரும் அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஏழு நாள் சிறை. வேலை போனது. மூன்று வருஷத்துக்கு முன்பு.

நடேசன் ஃபைலை ஹைகோர்ட்டின் பரிசீலனைக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். அனுப்பும் முன் என்னிடம் படிக்கக் கொடுத்தார். என் பெயர் இருந்தது. பிழை இருந்தது. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஏதாவது தப்பா இருக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன். அதன் பிறகு ஒரு வருஷம் கோர்ட்டுக்கு வெளியே நான் அவரிடம் பேசவில்லை.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு? தோண்டியெடுக்கிறவரை மேலே யாருக்குத்தான் பிடிக்கும்? அவருக்குப் பின்னால் வந்தவர்கள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனார்கள். இவர் ஊர் ஊராக மாஜிஸ்திரேட்டாகவே சுற்றினார். எண்பதுகளில்தான் அந்தப் பதவி கிடைத்தது. கோர்ட் மலாய் மொழிக்கு மாறியபோது, ஐம்பது வயதில் நோட்டுப் புத்தகம் வைத்துச் சட்ட மலாய் படித்தார். கடைசி நாள் வரை கூண்டில் நின்றவரிடம் மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் பேசினார். அந்தக் கடிதத்துக்காக வருத்தப்பட்டதுண்டா என்று ஒருமுறை கேட்டேன். "அப்பா இருக்கறப்பவே செஷன்ஸ் ஆகியிருக்கலாம்" என்றார்.

காளியப்பனுடைய தண்டனை ரத்தானது. தீர்ப்பு வர எட்டு மாதம் ஆனது. அதை அவருக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். யார் போவது?

"உங்க வேலைதான்" என்றார் நடேசன், மாஜிஸ்திரேட் குரலில்.

காளியப்பன் கம்போங் ராஜா பக்கம் ஒரு சீனர் தோட்டத்தில் முட்டைக்கோஸுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். பம்ப்பை முதுகிலிருந்து இறக்காமலே வந்து நின்றார். நான் படித்தேன். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, தண்டனை ரத்து என்று இரண்டு தடவை சொன்னேன்.

"அப்போ நான் அடிக்கலன்னு கோர்ட்டே சொல்லுதா?"

"ஆமாங்க."

"இத நான் அன்னைக்கே சொன்னேனே."

தப்பு என்னுடையது என்றேன். நான் அந்த வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதானா சார் அது? என் பக்கத்துல நின்னீங்கல்ல? நான் அந்தத் தொரையப் பாத்துப் பேசவே இல்ல சார். உங்களப் பாத்துத்தான் பேசுனேன். நீங்க தலையாட்டிக்கிட்டே கேட்டீங்க. வெளங்கிருச்சுன்னு நெனச்சேன்."

திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. பழைய வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். அது கோர்ட் கையில் இல்லை, எஸ்டேட்டில்தான் கேட்க வேண்டும் என்றேன். காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி சார், காத்து வர்றதுக்குள்ள அந்தப் பாத்திய முடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். எஸ்டேட் அவரைத் திரும்ப எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கோர்ட் கூடியது. முதல் சாட்சி ஒரு வார்த்தை சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன் திரும்பி, அவரிடமே கேட்டேன்: "நீங்க சொன்னதுக்கு அர்த்தம் இதுதானா?" அதற்கடுத்த சாட்சியிடமும் கேட்டேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எல்லோரிடமும் கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளரால் கோர்ட்டின் நேரம் வீணாகிறது என்று இரண்டு முறை புகார் எழுதினார் இன்ஸ்பெக்டர். அவர் எழுதியதில் பிழையே இல்லை — நேரம் ஆகத்தான் செய்தது.